துடைத்த இடம்

அன்று காலை நீராவி டேங்க் அருகே ஐந்து பேர் இருந்தோம். நான், டேங்கின் விரிசலைப் பற்றவைத்த என் தம்பி, மேற்பார்வையாளர், நான் சொல்லும் அளவுகளைக் குறித்துக்கொள்ள வந்த அலுவலகப் பெண், டேங்கை இயக்குபவர். கடைசி ஆள் நாள் முழுக்கச் சீட்டியடித்துக்கொண்டே இருப்பார். அதனால் அவருக்குக் 'குக்கர்' என்று பெயர். நான் அப்படிக் கூப்பிட்டதில்லை. என் வயதுக்கு அது அழகில்லை.

பற்றவைத்த இணைப்புக்குள் பிளவு இருக்கிறதா என்று மீயொலி அனுப்பிப் பார்ப்பது என் வேலை. தீப்பெட்டி அளவுள்ள ஒரு முனையை இணைப்பின் ஓரமாக நகர்த்துவேன். பிளவில் ஒலி மோதித் திரும்பினால் திரையில் கோடு எழும். முனைக்கும் இரும்புக்கும் நடுவில் ஜெல் தடவ வேண்டும். ஜெல் இல்லாவிட்டால் ஒலி உள்ளே போகாது. திரை அமைதியாக இருக்கும். குறையில்லாத இரும்பும் அப்படித்தான் காட்டும்.

பற்றவைத்தவர் தன் எண்ணை இணைப்பின் பக்கத்தில் அடித்துவைக்க வேண்டும். தம்பியின் எண் பதினொன்று. அது எங்கள் அப்பாவின் எண். அவர் ஓய்வு பெற்றதும் கேட்டு வாங்கிக்கொண்டோம். குறை தெரிந்தால் அந்த இடத்தை மஞ்சள் பெயின்டால் வட்டமிட்டுப் படம் எடுத்து அனுப்புவார்கள். அப்பாவின் எண்ணைச் சுற்றி ஒருநாளும் மஞ்சள் விழுந்ததில்லை.

உறவினர் வேலையை உறவினர் சோதிக்கக் கூடாது என்பது விதி. என் விஷயத்தில் யாரும் அந்தப் பேச்சை எடுத்ததில்லை. அதில் எனக்குப் பெருமை உண்டு.

"தம்பி பத்த வெச்சது, அண்ணன் பாக்கறாரு. மஞ்ச டப்பாவ உள்ள கொண்டு போய் வெச்சிடலாமா?" என்றார் மேற்பார்வையாளர்.

"அங்கேயே இருக்கட்டும்" என்றேன்.

எண்ணுக்கு நாலு விரற்கடை தள்ளி முனையை வைத்ததும் திரையில் கோடு எழுந்தது. முனையைப் பின்னுக்கு இழுத்தேன், படுத்தது. முன்னால் தள்ளினேன், எழுந்தது. விரல் நீளப் பிளவு. அறுத்துவிட்டு மறுபடி பற்றவைக்க இரண்டு நாள் போதும். தம்பி முகம் சுளிக்காமல் செய்திருப்பான்.

அலுவலகப் பெண் பேனாவோடு காத்திருந்தாள். நான் கைக்குட்டையை எடுத்து அந்த இடத்து ஜெல்லைத் துடைத்தேன். முனையையும் துடைத்தேன். பிறகு காய்ந்த இரும்பின்மேல் நிதானமாக நகர்த்தினேன். திரை அமைதியாக இருந்தது.

"குறை இல்லைன்னு எழுதும்மா."

அதுவரை கையைக் கட்டிக்கொண்டு நின்ற தம்பி, "நான் சொல்லல?" என்று மேற்பார்வையாளரைப் பார்த்துச் சிரித்தான். அவனுக்கு இன்றுவரை எதுவும் தெரியாது.

இயக்குபவர் சீட்டியை நிறுத்திவிட்டு என் பக்கத்தில் வந்தார். "ஐயா, மழைக்காலத்துல சூட்டுக்கு நான் இது மேல சாஞ்சுதான் சாப்பிடறது. வீட்டுல அவகூட, என்னக் கட்டினதுக்கு டேங்கையே கட்டியிருக்கலாமேங்கறா. நம்பிச் சாயலாமா?"

"நான் கையெழுத்துப் போட்டா சாயலாம்."

அவரைக் கூப்பிட்டுத் திரையைக் காட்டினேன். அதில் பொய் ஒன்றுமில்லை. திரை அமைதியாகத்தான் இருந்தது. அவர் குனிந்து பார்த்தார். புரியாதவர்கள் மரியாதைக்குத் தலையாட்டுவதுபோல ஆட்டினார். நான் கையெழுத்துப் போட்டேன்.

பதினோராம் நாள் மதியம் டேங்க் அந்த இடத்தில் பிளந்தது. வெளியே மழை. டிபன் பாக்ஸ் மூடி எதிர்ச் சுவரில் செருகி நின்றது. மற்றதைச் சொல்வது முறையில்லை.

இயக்குபவரின் மனைவி என் வீட்டுக்கு வந்தாள். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. "வலிச்சிருக்குமா ஐயா? நீங்க விஷயம் தெரிஞ்சவங்க, உண்மையச் சொல்லுங்க" என்றாள். வலி தெரிந்திருக்காது என்றேன். அவள் என் காலைத் தொட்டுவிட்டுப் போனாள். அன்றிலிருந்து மதியச் சோறு எனக்கு இறங்கவில்லை. யாராவது சீட்டியடித்தால் எழுந்து உள்ளே போய்விடுகிறேன். கைக்குட்டை இன்னும் சட்டைப்பையில்தான் இருக்கிறது. ஜெல் காய்ந்து அட்டைபோல் விறைத்திருக்கிறது. துவைக்கப் போடவில்லை.

விசாரணை முடிந்து கோப்பை மூடப்போவதாகச் சொல்கிறீர்கள். தம்பி என்னைக் காப்பாற்ற நினைத்து, "அண்ணாவுக்குக் கொஞ்ச நாளா பார்வை மங்கல்" என்று உங்களிடம் சொல்லியிருக்கிறான். மேற்பார்வையாளரும் அதற்கு ஆமாம் போட்டிருக்கிறார். இப்போது தொழிற்கூடம் முழுக்க அதுதான் பேச்சு: பெரியவருக்குக் கண் தெரியவில்லை, பாவம், தவறவிட்டுவிட்டார்.

நாற்பது வருடத்தில் நான் எதையும் தவறவிட்டதில்லை. அதைச் சொல்லத்தான் வந்தேன். என் கண் நன்றாகத் தெரியும். அன்று அந்தக் கோட்டைப் பார்த்தேன். திருத்தி எழுதிக்கொள்ளுங்கள்.