கல்யாணச் சட்டை

படுத்தால் போதும், எனக்குத் தூக்கம் வந்துவிடும். இடி விழுந்தாலும் எழுந்திருக்கமாட்டாள் என்று அக்கா கேலி செய்வாள். கனவு என்பதே எனக்கு அதிகம் வந்ததில்லை. கல்யாணம் நிச்சயமான பிறகுதான் வர ஆரம்பித்தது.

அவரைப் பற்றி நான் ஏதாவது குறை சொல்வேன் என்று நீங்கள் எதிர்பார்க்கலாம். ஒரு குறையும் இல்லை. லிஃப்ட் பழுது பார்க்கிற வேலை. வேலை முடிந்ததும் நேராக எங்கள் தையல் கடைக்கு வருவார். கிரீஸ் பட்ட கை துணியில் பட்டுவிடக்கூடாது என்று இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டு, வாத்தியார் வெளியே நிறுத்திய பையன் மாதிரி வாசலிலேயே நிற்பார். "உள்ள வாங்க தம்பி, துணி ஒண்ணும் கடிக்காது" என்று முதலாளியம்மாதான் கூப்பிடுவார். அந்தக் கடையில் துணி வெட்டுவது நான், தைப்பது முதலாளியம்மா.

ஒருநாள் என் விரலில் ஊசி ஏறிவிட்டது. வாசலில் நின்றிருந்தவர் உள்ளே வந்து தன் கைக்குட்டையைச் சுற்றிவிட்டு, "வலிக்குதா?" என்று மெதுவாகக் கேட்டார். அன்று வந்த கனவில் அவர் எனக்கு எதிரே ஸ்டூல் போட்டு உட்கார்ந்து என் உதடுகளைச் சேர்த்துத் தைத்துக்கொண்டிருந்தார். நல்ல சீரான தையல். ஒவ்வொரு தையலுக்கும் நிறுத்தி, "வலிக்குதா?" என்று கேட்டார். இல்லை என்று தலையாட்டினேன். அடுத்த தையல் போட்டார்.

இன்னொரு கனவில், பொத்தான்களே இல்லாத லிஃப்ட்டில் என்னை ஏற்றிவிட்டு வெளியே நின்று கையசைத்தார். கதவிடுக்கில் என் கை மாட்டிக்கொண்டது. லிஃப்ட் இறங்க இறங்க, கை மணிக்கட்டோடு அறுந்து மேலே அவரிடமே தங்கிவிட்டது. அவர் அதைத் துடைத்துப் பத்திரமாகச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். எந்தக் கனவிலும் அவர் கோபப்படவில்லை. கோபக்காரர் என்றால் ஒதுங்கிப் போய்விடலாம். இப்படிப்பட்டவரை என்ன செய்வது என்றுதான் எனக்குப் பிடிபடவில்லை.

அக்காவிடம் சொன்னேன். கையைப் பற்றி மட்டும் சொன்னேன். அவள் விழுந்து விழுந்து சிரித்தாள்.

"எனக்கு உங்க மாமா தலையே இல்லாம வர்ற மாதிரி கனவு வந்துச்சுடி. கல்யாணமானப்புறம்தான் தெரிஞ்சுது, தலையெல்லாம் இருக்கு, உள்ளதான் ஒண்ணும் இல்லைன்னு."

நானும் சிரித்தேன். அவள் சட்டென்று என் முகத்தைப் பார்த்தாள். "கல்யாணம்னா பயம் வரத்தான் செய்யும். ஆனா உனக்கு நெசமாவே புடிக்கலைன்னா இப்பவே சொல்லு. நான் பேசி நிறுத்திடறேன். யாரு என்ன சொன்னாலும் நான் பாத்துக்கறேன்."

"அதெல்லாம் ஒண்ணுமில்லக்கா" என்றேன்.

கல்யாணச் சட்டையை என் கையால்தான் வெட்டவேண்டும் என்று அவர் ஆசைப்பட்டார். வெட்டினேன். போட்டுப் பார்க்க மதியம் வரச்சொன்னேன். அந்த நேரத்தில் முதலாளியம்மா நூல் வாங்கப் போயிருந்தார். வெள்ளை நூல் தீர்ந்துவிட்டது என்று அந்தம்மாவிடம் சொன்னது நான்தான். தீரவில்லை. அவரோடு தனியாகப் பேசவேண்டியிருந்தது. கத்தரிக்கோலுக்கு அன்று காலையில்தான் சாணை பிடித்திருந்தேன். அதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை.

இடுப்பில் கொஞ்சம் தொளதொளவென்று இருந்தது. இரண்டு பக்கமும் பிடித்துக் குண்டூசி குத்தினேன். ஊசி ஏறிவிடுமோ என்று அவர் கைகளை விரித்தபடி அசையாமல் நின்றார்.

"ஏன் ஒரு மாதிரியா இருக்க?" என்று கேட்டார்.

"சரியாத் தூக்கமில்ல. கெட்ட கனவா வருது."

"எனக்கும்தான் வருது" என்றார். "கல்யாணத்துக்கு எல்லாரும் வந்துட்டாங்க. நீ மட்டும் வரல. நான் தெருத்தெருவா உன்னைத் தேடிக்கிட்டே இருக்கேன். முழிச்சா நெஞ்சு படபடன்னு அடிச்சுக்குது."

நீங்களே யோசித்துப் பாருங்கள். தேடிக்கொண்டே இருக்கிறேன் என்கிறார். நான் வராமல் போனாலும் விடமாட்டேன் என்று ஒரு மனிதர் வாயைத் திறந்து சொல்லிவிட்டார். அதற்கு மேல் நான் எங்கே போய் ஒளிவது?

அவர் இன்னும் பேசிக்கொண்டிருந்தார். "உனக்கு இஷ்டமில்லைன்னா சொல்லிடு. நான் தப்பா எடுத்துக்க மாட்டேன்." கோபமே இல்லாத, மெதுவான அதே குரல்.

காலரைச் சரிசெய்வது போல் பின்னால் போய்க் கத்தரிக்கோலைக் கழுத்தில் இறக்கினேன். முதல் குத்து எலும்பில் பட்டு வழுக்கிவிட்டது. அவர் திரும்பி என் கையைப் பிடித்தார். என்னைத் தள்ளவில்லை, அடிக்கவில்லை. அவருக்குப் பிடித்துக்கொள்ள ஏதோ ஒன்று வேண்டியிருந்தது. இரண்டாவது குத்து தொண்டையில் ஆழமாக இறங்கியது. பிறகு நெஞ்சில். எத்தனை தடவை என்று எனக்கு நினைவில்லை. டாக்டர் என்ன சொல்கிறாரோ அதையே எழுதிக்கொள்ளுங்கள், நான் மறுக்கமாட்டேன். வெட்டு மேசைக்கும் சுவருக்கும் நடுவில் அவர் சரிந்து விழுந்தார். ஏதோ கேட்க வந்தார். வாயில் ரத்தம் நிறைந்துவிட்டதால் எனக்குக் கேட்கவில்லை. முதலாளியம்மா வந்து அலறும்வரை அவர் தலையை என் மடியில்தான் வைத்திருந்தேன்.

ஆமாம், நான்தான் கொன்றேன். அதில் சந்தேகமே வேண்டாம். வேண்டாம் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கக்கூடாதா என்று நீங்களும் கேட்கிறீர்கள், அக்காவும் அதையே கேட்டுக் கேட்டு அழுகிறாள்.

சொல்லியிருக்கலாம். ஆனால் ஒருத்தர் மனசு நோகிற மாதிரி நான் இன்றுவரை எதுவும் பேசியதில்லை.