தலையாட்டி வாங்கிய அறை

அவள் (மனதுக்குள்): வேண்டாம் என்று சொல்லிவிட வேண்டும். பன்னிரண்டு மணிக்குள் சொல்லியாக வேண்டும். கப்பலின் நாலாவது தளத்தில் இருக்கும் அந்த ஜன்னலில்லாத அறையை விட்டு நான் நகரப்போவதில்லை, அது முடிவு. காரணத்தைச் சொல்லாமல் மறுக்க முடியுமா என்பதுதான் தெரியவில்லை. காரணத்தைச் சொன்னால், முப்பது வருஷமாகப் பார்த்த இந்த முகம் எப்படிச் சுருங்கும் என்பது மட்டும் நன்றாகத் தெரிகிறது.

அவர்: ரொட்டியைப் பிய்ச்சுப் பிய்ச்சு வைக்கிறியே தவிர, ஒண்ணும் வாய்க்குள்ள போகக் காணோம். சீக்கிரம் சாப்பிட்டு வா, பெட்டியைக் கட்டணும்.

அவள்: என்னங்க அவசரம்?

அவர்: அலமாரியா? ஆமா, அதுல தொங்குறதையும் எடுத்துடு. மறந்துடாதே.

அவள்: அலமாரி இல்லைங்க. அவசரம். என்ன அவசரம்னு கேட்டேன்.

அவர்: இந்த மண்டபத்துல யாரு பேசுறது யாருக்குக் கேக்குது? மீன் சந்தை தேவலாம். இதுக்குத்தான் சொல்றேன், மேல போயிடுவோம்னு. அங்க தனிச் சாப்பாட்டு அறை. மொத்தமே இருபது மேசை. கரண்டி விழுந்தாக்கூட கேக்குமாம்.

அவள்: கரண்டி விழுறதைக் கேக்கவா கப்பல் ஏறினோம்?

அவர்: இந்தா, காகிதத்தை நீயே படி. காலையில கதவுக்குக் கீழே தள்ளிவிட்டுப் போயிருக்காங்க. பத்தாவது தளம். பால்கனி. ராஜா படுக்கிற மாதிரி படுக்கை. பன்னிரண்டு மணிக்குள்ள பெட்டியை வெளியில வச்சா அவங்களே தூக்கிட்டுப் போயிடுவாங்க. வைக்கலேன்னா அறை அடுத்தவங்களுக்கு.

அவள்: அடுத்தவங்க நல்லா இருக்கட்டும். நாலாவது தளத்துல இப்ப என்ன குறைஞ்சுபோச்சு?

அவர்: என்ன குறையா? மூணு நாளா விடிஞ்சுதா இல்லையான்னு கடிகாரத்தைக் கேக்க வேண்டியிருக்கு. பீரோவுக்குள்ள படுத்த மாதிரி இருக்கு.

அவள்: நல்ல துணியெல்லாம் பீரோவுக்குள்ளதாங்க இருக்கும்.

அவர்: நீ பட்டுப்புடவை. சரி. நான்?

அவள்: இஸ்திரி காணாத சட்டை.

அவர்: சிரிச்சு மழுப்பாதே. காசை நெனச்சுத் தயங்குறியா?

அவள்: காசு உங்களது. நான் நெனக்கிறது வேற.

அவர்: நம்ம பொண்ணு ஏதாவது சொல்வாள்னா? டிக்கெட் போட்டுக் குடுத்தது அவ, சரி. நம்ம கைக்காசுல மாடி ஏறினா அவளுக்கென்ன?

அவள்: ஒண்ணு கேக்கிறேன். ஏறுற வரைக்கும் 'அறை எதுக்கு, தூங்கத்தானே'ன்னீங்க. திடீர்னு எப்படி இந்த ஞானம்?

அவர்: முப்பது வருஷம் ஆச்சு கல்யாணமாகி. உனக்குன்னு ஒரு நல்லது செய்யக்கூடாதா?

அவள்: செய்யலாம். நீங்களே கவுண்டர்ல போய்க் கேட்டீங்களா?

அவர்: பின்னே? பக்கத்து வீட்டுக்காரனா வந்து கேட்பான்?

அவள்: கவுண்டர்ல இருந்த பொண்ணு என்ன சொன்னா?

அவர்: அது... எல்லாம் விவரமாச் சொன்னா. நீ காபியைக் குடி, ஆறுது.

அவள்: விவரம்னா?

அவர்: அதோ, நம்ம மேசை டீச்சர் வர்றாங்க. அவங்க பத்தாவது தளம்தானே? அவங்களையே கேட்டுடு. என் பேச்சைத்தான் நம்ப மாட்டே.

டீச்சர்: உக்காரலாமா? சத்தமாப் பேசச் சொல்லிடாதீங்க. முப்பத்தஞ்சு வருஷம் பிள்ளைங்ககிட்ட கத்தினதுல தொண்டை போயிடுச்சு. வெறும் காத்துதான் வருது.

அவர்: ஆமாமா. காத்து நல்லாத்தான் வருது.

அவள்: டீச்சர், இவர் மேல மாறிடலாங்கிறார். நீங்க இருந்து பாத்தவங்க. குடுக்கிற காசுக்குத் தகுமா?

டீச்சர்: முதல் நாள் பால்கனியில போய் உக்காந்தேன். அடிக்கிற காத்துல பக்கத்துல ஆள் பேசினாக்கூட காதுல விழாதும்மா. மறுநாள்லேர்ந்து கண்ணாடிக் கதவைச் சாத்திட்டு உள்ளேர்ந்துதான் கடலைப் பாக்கிறேன். படுக்கை பெருசுதான். ரெண்டு பேர் படுத்தா நடுவுல மூணாவது ஆளுக்கு இடம் இருக்கும்.

அவள்: சாப்பாடு?

டீச்சர்: தட்டு பெருசு, சாப்பாடு சிறுசு. சமையலறை ரெண்டுக்கும் ஒண்ணுதான்னு பரிமாறுறவரே சொல்லிட்டார். மேசைத்துணி கொஞ்சம் கனம். மத்தபடி அங்க காசு வாங்குறது அமைதிக்குத்தான். அமைதி வேணும்கிறவங்களுக்குத் தகும். ஒத்தையா வந்தவளுக்கு அது எதுக்கு? அதான் வேளைக்கு வேளை கீழே ஓடி வந்துடறேன்.

அவர்: கரெக்டு. கரெக்டு.

டீச்சர்: நான் கேட்டு வாங்கின அறை இல்லை இது. எங்க வீட்டுக்காரர் போட்டது. மாடி அறைதான் வேணும்னு ஒத்தக்கால்ல நின்னார். நாலு மாசம் முன்னாடி... நெஞ்சுவலின்னார். ஆஸ்பத்திரி போறதுக்குள்ள போயிட்டார்.

அவர்: அடடே, ரொம்ப சந்தோஷம். நல்ல காரியம் செஞ்சார்.

அவள்: ஏங்க...

அவர்: எல்லாருக்கும் இந்தக் கொடுப்பினை வாய்க்குமா, டீச்சர்? நாங்களும் இன்னைக்கே மேல போயிடறோம். ரெண்டு பேரும் சேர்ந்தே.

டீச்சர்: நான்... டீ எடுத்துட்டு வந்துடறேன்.

அவள்: டீச்சர், மன்னிச்சுக்கங்க. இவருக்கு...

டீச்சர்: இருக்கட்டும்மா. இருக்கட்டும்.

அவள் (மனதுக்குள்): இவருக்கு என்னவென்று சொல்ல வந்தேன்? அந்த ஒரு சொல் தொண்டை வரை வந்து எத்தனை தடவை திரும்பிப் போயிருக்கிறது. இவர் மானத்தைக் காப்பாற்றுவதாக நினைத்துக்கொண்டு நான் எதைக் காப்பாற்றிக்கொண்டிருந்தேன்...

அவர்: என்ன, வந்த வேகத்துல எழுந்து போயிட்டாங்க?

அவள்: அவங்க என்ன சொன்னாங்கன்னு சொல்லுங்க.

அவர்: அறை நல்லா இருக்குன்னாங்க. வீட்டுக்காரர் ஆசையாப் போட்டுக் குடுத்தாராம்.

அவள்: வீட்டுக்காரர் இப்ப எங்க இருக்கார்?

அவர்: மேலதான் இருப்பார். தூங்குறாரோ என்னவோ.

அவள்: மேலதாங்க இருக்கார். செத்து நாலு மாசமாச்சு.

அவர்: என்னது?

அவள்: அதைச் சொன்னப்பதான் 'ரொம்ப சந்தோஷம்'னீங்க.

அவர்: நானா?

அவள்: 'எல்லாருக்கும் இந்தக் கொடுப்பினை வாய்க்குமா'ன்னீங்க.

அவர்: ஐயோ... நான்... நீ போய் ஏதாவது சொல்லி...

அவள்: 'நான் பேசிக்கிறேன், விடுங்க'ன்னு வழக்கமாச் சொல்லுவேன். இன்னைக்குச் சொல்லலை. அந்தம்மா டீ குடிச்சு முடிக்கட்டும். நீங்களே போய் மன்னிப்புக் கேளுங்க.

அவர்: கேக்கிறேன். கேக்கிறேன்.

அவள்: அதுக்கு முன்னாடி இதைச் சொல்லுங்க. கவுண்டர்ல அந்தப் பொண்ணு என்ன கேட்டா?

அவர்: ...தெரியாது. சிரிச்சா. வாய் அசைஞ்சுது. நான் தலையாட்டினேன்.

அவள்: என்னன்னு தெரியாமலே.

அவர்: அச்சகத்துல முப்பத்துநாலு வருஷம் நின்னவன் நான். மெஷின் ஓடுறப்ப வாயைத் தொறந்து எவன் பேசுவான்? கையைத் தூக்கினா நிறுத்து. தலையாட்டினா ஓட்டு. அவ்வளவுதான் அங்க பாஷை. ஒரு நாள் தப்பானதில்லை.

அவள்: இங்கயும் மெஷின் ஓடிடுச்சு. நேரா பத்தாவது தளத்துக்கு.

அவர்: காலையில காகிதத்தைப் பாத்தப்பதான் எனக்கே தெரியும். சத்தியமா. தனிச் சாப்பாட்டு அறைன்னு போட்டிருந்துச்சா... சரி, தெரியாமச் செஞ்சதும் நல்லதுக்குத்தான்னு நெனச்சேன். கூட்டம் இல்லாத இடம்னா சமாளிச்சுடுவேன். இன்னும் ஆறு நாள்தானே?

அவள்: காதுக்கு ஒரு மெஷின் வச்சுக்கிறதுக்குப் பதிலா கப்பல்ல தளம் மாத்துறீங்க.

அவர்: மெதுவாப் பேசு. நாலு பேர் காதுல விழப்போவுது.

அவள்: மெதுவாப் பேசினா உங்க காதுல விழாதே.

அவர்: யாரு சொன்னா? நேத்து விளக்கை அணைச்சப்புறம் நீ எவ்வளவு பேசினே. ஒரு வார்த்தை விடாமக் கேட்டேனே.

அவள்: அதனாலதாங்க அந்த அறையை விட மாட்டேங்கிறேன். ஜன்னல் இல்லை. காத்து இல்லை. கட்டிலுக்கும் கட்டிலுக்கும் ஒரு சாண். என் வாய் உங்க காதுக்குப் பக்கத்துல இருக்கு. டீச்சர் சொன்ன படுக்கையில நீங்க ஒரு கரை, நான் ஒரு கரை. பால்கனிக் கதவைத் தொறந்துட்டா நான் பேசுறது கடலுக்குத்தான் கேக்கும்.

அவர்: வேணும்னா கதவைச் சாத்திக்கலாம்...

அவள்: போன வருஷம் என் ஆபரேஷனுக்கு முந்தின நாள் எவ்வளவு பயந்தேன்னு நேத்து சொன்னப்ப, என்ன கேட்டீங்க?

அவர்: ஏன் அன்னைக்கே சொல்லலைன்னு கேட்டேன்.

அவள்: அன்னைக்கே சொன்னேன். 'பயமா இருக்குங்க'ன்னு சொன்னேன். நீங்க தலையாட்டிட்டுப் பேப்பரை மடிச்சு வச்சீங்க.

அவர்: பால் இல்லைன்னு சொன்னதா நெனச்சேன்... போய் வாங்கிட்டு வந்தேனே.

அவள்: ஆமா. வாங்கிட்டு வந்தீங்க. ரெண்டு பாக்கெட்.

அவர்: ரெண்டு பாக்கெட்...

அவள்: கண்ணைத் துடைச்சுக்கங்க. டீச்சர் இந்தப் பக்கம் பாக்கிறாங்க.

அவர்: சரி. பெட்டி கட்ட வேணாம். கீழயே இருப்போம். நீ போய்க் கவுண்டர்ல வேணாம்னு ஒரு வார்த்தை சொல்லிடு.

அவள்: நீங்க போங்க. சரியாக் காது கேக்கலை, தெரியாமத் தலையாட்டிட்டேன்னு உங்க வாயால சொல்லுங்க. இன்னும் பன்னிரண்டு ஆகலை.

அவர்: வரிசையில அத்தனை பேர் நிக்கிறப்பவா? இது பொண்ணுக்கு வேற தெரிஞ்சுடுச்சுன்னா...

அவள்: அவ போன் பண்ணா, 'இரு, அம்மாகிட்ட குடுக்கிறேன்'னு தள்ளிவிட்டுடறீங்க. அப்பாவுக்கு எம்மேல என்ன கோபம்னு என்கிட்ட கேட்டு அழுறா. தெரிஞ்சா அவளுக்கு நிம்மதிதான்.

அவர்: அழுறாளா... நீ சொல்லவே இல்லையே.

அவள்: சொன்னேங்க.

அவர்: ... இங்க பாரு. இத்தனை நாள் யாருக்கும் தெரியாம ஓடிடுச்சு. டாக்டர், மெஷின், அதெல்லாம் இந்த வயசுல எதுக்கு? நீ பக்கத்துலதானே இருக்கே. யாராவது ஏதாவது சொன்னா, எதேச்சையாத் திரும்புற மாதிரித் திரும்பி, அவங்க சொன்னதையே எனக்கு ஒருதரம் சொல்லுவே. தெரிஞ்சுதான் செய்யறேன்னு எனக்கும் தெரியும். நானும் தெரியாத மாதிரியே இருந்துட்டேன். அது போதும் எனக்கு. இனிமேலும் அப்படியே சொல்லிடு. என்ன?

அவள்: மாட்டேங்க. ரெண்டு வருஷமா ஊரார் பேசினதையெல்லாம் உங்களுக்கு நான் திருப்பிச் சொன்னேன். நான் பேசினதை உங்களுக்கு யாரு சொன்னா?