பக்கத்தில் ஆளில்லாத மயக்கம்

மேடையில் அமர்ந்திருக்கும் கண்காணிப்பாளர் அவர்களே, செவிலியர்களே, தூத்துக்குடியின் பல தெருக்களிலிருந்தும் வந்திருக்கும் நோயாளிகளே, வணக்கம்.

மறைந்த டாக்டர் தேவகனி அவர்களோடு பதினோரு ஆண்டுகள் ஒரே அறையில், எதிரெதிர் மேசையில் நோயாளிகளைப் பார்த்தவன் நான். அவரைப் புகழுமுன் என் தவறு ஒன்றைச் சொல்லியாக வேண்டும்.

முத்தையாபுரத்தில் தனியாக வசிக்கும் உப்பளத் தொழிலாளி சண்முகத்தாய், இரண்டு முறை முகத்தில் காயத்தோடு என்னிடம் வந்தார். "விழுந்ததே தெரியல ஐயா. கண்ண முழிச்சா தரையில கெடக்கேன்" என்றார். படுக்கவைத்தும் நிற்கவைத்தும் ரத்த அழுத்தம் பார்த்தேன், சரியாக இருந்தது. இ.சி.ஜி.யும் சரி. இதயத் துடிப்பைப் பதியும் கருவியை ஒருநாள் முழுக்க மாட்டினோம். அன்று அவர் விழவில்லை. வெயில் மயக்கம் என்று எழுதி அனுப்பிவிட்டேன்.

மூன்றாம் முறை தேவகனி பார்த்தார். "மொகத்துல அடின்னா, விழும்போது கைய ஊணக்கூட அவங்களுக்கு நேரமில்ல ஸார். பக்கத்துல ஆளில்லன்னா நோயே இல்லன்னு ஆயிருமா?" என்று கேட்டார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை, மயக்கம் வருவதை நேரில் பார்க்க, தேவகனி சண்முகத்தாயின் வீட்டுக்குப் போய் உட்கார்ந்தார். ஒன்றும் நடக்கவில்லை. அடுத்த ஞாயிறும் போனார்.

"ஒங்களுக்கு வேற சோலி இல்லியாம்மா, இங்கன வந்து ஒக்காந்திருக்கீய?"

"எனக்கும் வீட்டுல யாருமில்ல. பேசிக்கிட்டு இருப்போம்."

உட்கார்ந்து வெங்காயம் உரித்தபடி பேசிக்கொண்டிருந்த சண்முகத்தாய் அப்படியே சாய்ந்தார். முகம் வெளுத்தது. தேவகனி மணிக்கட்டைப் பிடித்தார், நாடி இல்லை. பதினான்கு விநாடி! பிறகு நாடி திரும்பியது, முகம் சிவந்தது.

"வெயில் இல்ல ஸார். ஹார்ட்டு நின்னு நின்னு ஓடுது. ஆம்புலன்ஸ் அனுப்புங்க" என்று எனக்குப் போன் செய்தார். அந்த வாரமே பேஸ்மேக்கர் வைத்தார்கள். அதன்பின் சண்முகத்தாய் விழவில்லை. இதோ, மூன்றாம் வரிசையில் இருக்கிறார்.

தேவகனி அவர்களுக்குப் புற்றுநோய் என்பதை அவர் இறந்த பிறகே அறிந்தேன். வயிற்றுப்புண் என்றுதான் எங்களிடம் சொல்லியிருந்தார். கடைசி மாதங்களில் எழுந்தாலே தலை சுற்றுமாம். சண்முகத்தாய்தான் கைபிடித்து நடத்தியிருக்கிறார். எதிர்மேசைக்காரன் நான் ஒருநாளாவது "வீட்டில் யார் இருக்கிறார்கள்?" என்று கேட்டேனா? உடலுக்கு மாலை போட, வழி விசாரித்துத்தான் அவர் வீட்டுக்குப் போனேன்.

டாக்டர் தேவகனி அவர்களே, உங்கள் ஞாயிற்றுக்கிழமைகளை இனி நான் எடுத்துக்கொள்கிறேன். விளாத்திகுளத்தில் பேச்சிராஜா என்பவர், மனைவியை இழந்தவர், இந்த மாதம் மூன்று முறை விழுந்திருக்கிறார். நாளை மறுநாள், ஞாயிறு காலை ஏழு மணி பஸ்ஸில் அவரிடம் போகிறேன். கூட வர நினைப்பவர்கள் பஸ் நிலையத்துக்கு வாருங்கள். யாரும் வராவிட்டாலும் நான் போவேன்.