கண்ணை மூடி எழுதிய ரோசாலி

நெல்லித்தோப்பிலிருந்து பெரிய மார்க்கெட்டுக்குப் போகும் குதிரை வண்டியில் எனக்கு எதிரே இரண்டு பெண்கள். இளையவள் மடியில் பூத்தையல் போட்ட மேசைவிரிப்புகள். வண்டி கிளம்புமுன்பே ஆரம்பித்துவிட்டாள்.

“அக்கா, எம்பொண்ணு எழுதிட்டா! கண்ண மூடிக்கினு எழுதிட்டா!”

“கண்ணத் தொறந்து எழுதவே நாலு வருசமா வரலேன்னியே?”

“பாத்தா எழுத்தெல்லாம் நெளியுது, எடம் மாறுதுன்னு அழுவா. சோம்பேறின்னு கன்னியாஸ்திரி பள்ளிக்கூடத்து மாசேர் முட்டி போட வெப்பாங்க. நானும் அடிச்சிருக்கேன். போன வாரம் அவ பேரைத் தடிச்ச நூலால துணியில தெச்சேன். கண்ண மூடிக்கினு வெரலால தடவித் தடவிப் பழகுனா. நேத்து மாசேர் எதிர்லயே பலகையில எழுதிட்டா, ரோசாலின்னு! ஒரு எழுத்து தப்பல!”

“மாசேர் என்னா சொன்னாங்க?”

“எல்லா எழுத்தையும் தெச்சிக் கொண்டான்னாங்க. இன்னும் ரெண்டு பொண்ணுங்களுக்கு வேணுமாம்!”

மூத்தவள் சிரித்தாள். பிறகு விரிப்பிலிருந்த பூவை விரலால் தடவிக்கொண்டே வந்தாள். மார்க்கெட் வந்தும் இறங்கவில்லை.

“எனக்கும் நெளியும்டி. சோம்பேறின்னுதான் படிப்ப நிறுத்துனாங்க. எம்பேரு கொஞ்சம் நீளம். தெச்சித் தருவியா?”