லாபம்… ரெண்டு

சாயங்காலம் ஐந்து மணி. நம் ஊர் ஐந்து மணி இல்லை… ஜெர்மனியில், டிசம்பர் மாதத்து ஐந்து மணி. அங்கே நாலுக்கே இருட்டிவிடும். லூபெக் என்று ஓர் ஊர். ஆற்றோரமாகப் பல நூறு வருடத்துச் செங்கல் கட்டடங்கள். நடுவில் ஒரு கல் சந்து. இரண்டு பேர் சேர்ந்து நடக்க முடியாது. சந்தில் ஈ காக்கை கிடையாது. ஈரக் கல்லில் பூட்ஸ் சத்தம் மட்டும்… டக்… டக்…

இப்படித்தான் கதையை ஆரம்பித்தேன்.

அன்று கல்லறைத் திருநாள். வில்லியனூரைத் தாண்டி இருக்கிற எங்கள் ஊரில் மத்தியானம் பிடித்த மழை விடவில்லை. ஏழு மணிக்குப் போன கரண்ட் ஒன்பதாகியும் வரவில்லை. அன்னாள் அத்தை வீட்டுக் கூடத்தில் ஒரு மெழுகுவத்தியைச் சுற்றி நாலு பேர் உட்கார்ந்திருந்தோம். நான், அத்தையின் மகள் ஏஞ்சல் மேரி, பக்கத்து வீட்டு ஜோஸ்பின் அக்கா, ஆட்டோ ஓட்டும் சிங்காரவேலு. அத்தையைப் பிள்ளையார்குப்பம் ஆஸ்பத்திரியிலிருந்து அன்றைக்குத்தான் அவர் ஆட்டோவில் கூட்டி வந்திருந்தோம். மாத்திரை போட்டுக்கொண்டு உள் அறையில் படுத்திருந்தாள். கதவு ஒருக்களித்திருந்தது.

அந்த மெழுகுவத்தி கல்லறைக்கென்று வாங்கியது. ஏஞ்சல் மேரி தன் அண்ணன் யாகப்பனுக்காக வாங்கி வைத்திருந்தாள். யாகப்பன் காணாமல் போய்ப் பதினோரு வருடம். போனும் இல்லை, ஒரு தகவலும் இல்லை. இந்த வருடமாவது அவன் பெயரில் ஒரு பூசை கொடுத்து, ஒரு மெழுகுவத்தி ஏற்றிவிடலாம் என்று அவள் கேட்டதற்கு அத்தை ஆட்டோவிலேயே கத்தினாள்.

"உசுரோட இருக்கறவனுக்கு எவளாவது மெழுகுவத்தி ஏத்துவாளாடி?"

அதோடு அந்தப் பேச்சு முடிந்தது. கல்லறைக்குப் போகாத மெழுகுவத்தி கரண்ட் போனதும் எங்களுக்கு உதவியது.

சுவர்க் கடிகாரம் ஒன்பது அடித்தது. உள்ளே அத்தை முனகினாள். "ரெண்டு…"

"தூக்கத்துலயும் கருவாடு எண்ணுது," என்றாள் ஏஞ்சல் மேரி. அத்தை முப்பது வருடம் வில்லியனூர் சந்தையில் கருவாடு விற்றவள். நாங்கள் சிரித்தோம்.

"சும்மா குந்திக்கினு இருக்கறதுக்கு எதுனா கத சொல்லு அருணு," என்றாள் ஜோஸ்பின் அக்கா.

என்னிடம் ஒரு கதை இருந்தது. ஒரு மாதமாக அதை வயிற்றில் வைத்துக்கொண்டு சோறு இறங்காமல் திரிந்தேன். நேராகச் சொல்லத் தைரியம் இல்லை. அதனால் கோழை செய்கிற காரியத்தைச் செய்தேன். கூட்டாளியின் அத்தை மகனுக்கு நடந்தது என்று பொய் சொல்லி, லூபெக் சந்தில் ஆரம்பித்தேன்.

அந்த ஆளுக்கு அங்கே வழிகாட்டி வேலை. வெள்ளைக்காரர்களைக் கூட்டிக்கொண்டு நடந்து, இந்த ஊர் எப்படி வியாபாரம் செய்து பெரிய ஊரானது என்று கதை சொல்ல வேண்டும்.

"அவங்க ஊர அவங்களுக்கே காட்டறதுக்கு நம்ம ஆளா?" என்றார் சிங்காரவேலு. "நல்ல பொழப்புதான் போ."

நல்ல பிழைப்புதான். வாய் இருந்தால் போதும், அவனுக்கு அது நிறையவே இருந்தது. படகில் உப்பு வந்து இறங்கும் இடம், மூட்டையை மாடிக்கு இழுக்கும் மர உருளை, மிளகு வியாபாரி கட்டிய வீடு என்று ஒவ்வொன்றாக நிறுத்தி நிறுத்திக் காட்டுவான். உப்பும் மீனும் சேர்ந்துதான் இந்த ஊர் என்பான். வடக்கே கடலில் பிடித்த மீனை உப்புப் போட்டுப் பீப்பாயில் அடைத்து ஊர் ஊராக விற்றார்கள். நம் பாஷையில் சொன்னால் கருவாட்டில் கட்டின மாடி வீடுகள். அந்தக் காலத்து வியாபாரி சொன்ன சொல் மாற மாட்டான், கூட்டாளியைக் கைவிட மாட்டான் என்று நெஞ்சில் கை வைத்துச் சொல்லுவானாம். எந்த நெஞ்சில் வைத்தானோ.

கடைசியாக ஒரு நிலவறை. மீன் பீப்பாய் அடுக்கிய இடம். பதினேழு படி கீழே இறங்க வேண்டும். அங்கேதான் அவன் வித்தை. எல்லாரையும் சுவரோரம் நிற்க வைத்துவிட்டு விளக்கை அணைப்பான். அந்தக் காலத்து வேலைக்காரர்கள் இந்த இருட்டில்தான் வேலை பார்த்தார்கள், யாரும் தொலைந்து போகாமல் இருக்க ஒருவர் பின் ஒருவராக எண்ணிக்கொள்வார்கள் என்பான். "எங்கள் ஊரில் நெல் அளந்தாலும் கருவாடு எண்ணினாலும் முதலாவதை ஒன்று என்று சொல்ல மாட்டோம். லாபம் என்போம். அடுத்தது இரண்டு." முன்னால் நிற்கும் வெள்ளைக்காரி வாய் கோணி "லாபம்" என்பாள். எல்லாரும் சிரிப்பார்கள், கை தட்டுவார்கள். தினம் இதே கூத்து.

ஏஞ்சல் மேரி முகத்தை நிமிர்த்தி என்னைப் பார்த்தாள்.

அன்று கூட்டத்தில் பன்னிரண்டு பேர். விளக்கை அணைத்தான். கும்மிருட்டு… முன்னால் ஒரு கிழவி நின்றாள். அவள் மூச்சு இழுக்கிற சத்தம் கேட்டது. சொல்லப் போகிறாள் என்று அவன் காத்திருந்தான்…

அவள் சொல்லவில்லை.

பின் சுவரிலிருந்து சத்தம் வந்தது. டொக்… டொக்… டொக். பலகைப் பெட்டியில் முட்டியால் தட்டுகிற சத்தம். அங்கே பெட்டியே கிடையாது. வெறும் கல். அப்புறம் ஒரு வாசனை. ஐஸ், மீன், டீசல் மூன்றும் கலந்த வாசனை. அப்புறம் ஒரு குரல்… சந்தையில் கருவாடு எண்ணுகிற மாதிரி இழுத்து, மெதுவாக…

"லாபம்…"

அந்தக் குரலை அவன் பத்து வருடமாகக் கேட்கவில்லை. ஆனால் அவன் வாய் மறக்கவில்லை. அவனைக் கேட்காமலே அது பதில் சொன்னது.

"ரெண்டு."

விளக்கைப் போட்டான். பன்னிரண்டு பேரும் அப்படியே நின்றார்கள். எல்லார் வாயிலும் புகை போல மூச்சு. கிழவி மட்டும் கேட்டாளாம்… விளக்கு அணையும்போது உங்கள் பின்னால் ஜாக்கெட் இல்லாமல் நடுங்கிக்கொண்டு நின்றவர் எங்கே போனார் என்று.

"மாதாவே," என்றாள் ஜோஸ்பின் அக்கா. முக்காட்டை இழுத்துக்கொண்டாள்.

"யாருபா அவன்?" என்று சிங்காரவேலு கேட்டார்.

இங்கே நிறுத்தியிருக்கலாம். நிறுத்தியிருந்தால் வெறும் பேய்க் கதை. ஆனால் எனக்கு ஆத்திரம் ஏறிவிட்டது. ஏறினால் எனக்கு வாய் நிற்காது.

பதினோரு வருடத்துக்கு முன்னால் இரண்டு கூட்டாளிகள். ஒருவன் இந்த வழிகாட்டி. அவனை ஏஜெண்டு ஏமாற்றி எல்லைக்கு அந்தப் பக்கம் ஏதோ ஒரு நாட்டில் இறக்கிவிட்டுப் போய்விட்டான். விசா இல்லை, ஊர் திரும்ப வழி இல்லை. போன் போட்டு அழுதான். இன்னொருவனுக்குப் பிரான்சு பாஸ்போர்ட். தாத்தா பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்த சொல்தா, அந்த வகையில் வந்தது. அவன் பாட்டுக்கு பாரீசில் வேலையில் இருந்தான். கூட்டாளி அழுதான் என்பதற்காக எல்லை தாண்டிப் போனான். ஐஸ் மீன் ஏற்றுகிற லாரியில் திருட்டுத்தனமாகத்தான் வர முடியும் என்றார்கள். பாஸ்போர்ட் இருக்கிறவன் ராஜா மாதிரி ரயிலில் வந்திருக்கலாம். தனியாக வுட மாட்டேன் என்று இவனும் அதே லாரியில் ஏறினான்.

உள்ளே இருட்டு. இரண்டு பேருக்கும் நடுவில் மீன் பெட்டி அடுக்கு. வழிகாட்டி கதவுப் பக்கம், பாஸ்போர்ட்காரன் உள் பக்கம். பார்க்க முடியாது. அதனால் மணிக்கு ஒரு தரம் பாஸ்போர்ட்காரன் பெட்டியில் மூன்று தட்டுத் தட்டி "லாபம்" என்பான். வழிகாட்டி "ரெண்டு" என்பான். இரண்டு பேரும் உயிரோடு இருக்கிறோம் என்று அர்த்தம். குளிர் தாங்கவில்லை என்று வழிகாட்டி அழுதபோது பாஸ்போர்ட்காரன் தன் ஜாக்கெட்டைக் கழற்றி அடுக்குக்கு மேலாகத் தூக்கிப் போட்டான். பாஸ்போர்ட் அந்த ஜாக்கெட்டில் இருந்தது.

எல்லை தாண்டி எங்கேயோ லாரி நின்றது. டிரைவர் கதவைத் திறந்தான். பாஷை தெரியாது. விரலைக் காட்டித்தான் கேட்டான், எத்தனை பேர் என்று.

வழிகாட்டி ஒரு விரலைக் காட்டினான்.

டிரைவர் அவனை இறக்கினான். கதவைச் சாத்திக் கொக்கி போட்டான். லாரி கிளம்பும்போது உள்ளே டொக், டொக், டொக் என்று கேட்டதாம். "லாபம்" என்று கேட்டதாம். இறங்கினவன் திரும்பிப் பார்க்காமல் நடந்தான். வெள்ளைக்காரனுக்கு நம் மூஞ்சி எல்லாம் ஒரே மூஞ்சி. அந்தப் பாஸ்போர்ட்டில், அந்தப் பெயரிலேயே அங்கே பதினோரு வருடம் வாழ்ந்தான். அந்த 'லாபத்தை'யே கூத்தாக்கிக் கைதட்டும் வாங்கினான்.

ஏஞ்சல் மேரி பேசினாள். குரல் உயரவில்லை.

"அருண் அண்ணா… அவன் பேரு இன்னா?"

"கணேஷ்குமார்," என்றேன். "மடுகரைக்காரன்."

அவளுக்குத் தெரியாத பெயரா? நான், கணேஷ்குமார், யாகப்பன், மூன்று பேரும் ஒரே பெஞ்சு. இந்த வீட்டுக் கருவாட்டுக் குழம்பை மூன்று பேரும் ஒரே தட்டில் தின்றிருக்கிறோம். யாகப்பன் எல்லைக்கு வரவே இல்லை, தனியாகத்தான் வந்து சேர்ந்தேன் என்று அவன் அப்போது போனில் சொன்னான். நான் நம்பினேன். நம்பினதோடு நிற்காமல் இந்தக் கூடத்திலேயே அத்தையிடம் சொன்னேன். "உம் புள்ள அங்க எவளையோ கட்டிக்கினு ஒன்ன மறந்துட்டான் அத்தெ." அவள் என்னை அடிக்கவில்லை. ஒரு வாய் சோறு போட்டு, "அவன் அப்பிடிப்பட்டவன் இல்ல அருணு," என்றாள். அவனைப் பதினோரு வருடம் திட்டினேனே, என் வாயை எதில் கழுவுவது?

"ஒனக்கு யாரு சொன்னா?" என்றாள் ஏஞ்சல் மேரி.

"கணேஷ்குமாரேதான். போன மாசம் போன் பண்ணான்."

நிலவறையோடு அது முடியவில்லை. அவன் அறைச் சுவரில், பிரிட்ஜுக்குள், பஸ் சீட்டுக்குப் பின்னால், மணிக்கு ஒரு தரம் மூன்று தட்டு. பதில் சொன்னால் போய்விடும். சொல்லாவிட்டால் இன்னும் கிட்டத்தில் வந்து தட்டும். போன டிசம்பரிலிருந்து அவன் ஒரு மணி நேரம் சேர்ந்தாற்போல் தூங்கவில்லை. வலது கை ஆள்காட்டி விரல், அன்று டிரைவருக்குக் காட்டிய விரல், அந்த ஒரு விரல் மட்டும் ஐஸில் வைத்தது போல வெளுத்துச் செத்துவிட்டது. ஏப்ரல் மாதம் ஆஸ்பத்திரியில் வெட்டி எடுத்தார்கள். மன்னிச்சுடச் சொல்லு அருணு, யாகப்பன் அம்மாவ ஒரு வார்த்த சொல்லச் சொல்லு, அவன் தட்டறத நிறுத்திடுவான் என்று அழுதான். எனக்கு இரக்கம் வரவில்லை. இப்போதும் வரவில்லை. நீயே வந்து கேளுடா என்றேன். அதற்குள் போனில் அந்தச் சத்தம்… டொக், டொக், டொக். கணேஷ்குமார் பேச்சை அப்படியே விட்டுவிட்டு "ரெண்டு" என்றான். பாடம் ஒப்பிக்கிற மாதிரி. போன் கட்டானது. அதற்கப்புறம் அந்த நம்பர் வேலை செய்யவில்லை.

ஏஞ்சல் மேரி அழவில்லை. மெழுகுவத்தியையே பார்த்துக்கொண்டிருந்தாள். "அம்மாகிட்ட எப்பிடி சொல்றது?" என்றாள்.

கடிகாரம் பத்து அடித்தது.

உள்ளே அத்தை குரல் கேட்டது. முனகல் இல்லை. தூக்கக் குரலே இல்லை. தெளிவாக.

"ரெண்டு."

ஜோஸ்பின் அக்கா என் கையைப் பிடித்தாள். ஒன்பது மணிக்கும் அதேதான். ரெண்டு மட்டும். ஏஞ்சல் மேரி உள் அறைப் பக்கம் திரும்பினாள். "எப்பவும் அதான்ணா சொல்லும்," என்றாள். "வருஷக்கணக்கா. ஒரு நாளும் லாபம்னு ஆரம்பிச்சதில்ல."

எழுந்து போய்க் கதவைத் தள்ளினேன். உள்ளேயிருந்து ஐஸ் வாடை முகத்தில் அடித்தது. அத்தை கட்டிலில் சுவர்ப் பக்கம் திரும்பி உட்கார்ந்திருந்தாள். தன் போர்வையை எடுத்துப் பக்கத்தில் இருந்த வெறும் இடத்தில் பாதத்திலிருந்து கழுத்து வரை போர்த்திக்கொண்டிருந்தாள். ஓரங்களைச் செருகினாள். எங்களைத் திரும்பிப் பார்க்கவில்லை.

"ஏஞ்சலு," என்றாள். "அந்த மெழுகுவத்திய இங்க கொண்டாடி. அவனுக்குக் குளுருதாம்."