தொட்டில் பாட்டில் ஒரு பிழை

இல்ல அண்ணே, ரவுட்டர் இங்கதான், தொட்டிலுக்குப் பக்கத்துல. அவசரமில்ல, பைய பாருங்க, அந்தக் கசேரயில இருங்க. பிள்ளைய பக்கத்து வீட்டு ராஜபாய் அக்கா தூக்கிட்டுப் போயிருக்கு. சாயா ஆறுது, எடுத்துக்கிடுங்க.

எனக்க வேலையா? வெப்சைட் செய்யது, வீட்டுல இருந்தே. கான்வென்ட்ல சிஸ்டர் கீபோர்டு சொல்லித் தந்தாங்க, சர்ச் கொயர்ல நான்தான் வாசிப்பேன். அப்பறம் கோடிங் படிச்சேன். ரெண்டும் ஒண்ணுபோலத்தான் அண்ணே. ஒரு எடத்துல வெரல் மாறினா போதும், காட்டிக் குடுத்திரும்.

அந்தப் பழைய போனா? அது பிள்ளைக்கு. எனக்க மாப்பிள எட்சன் கப்பல்ல இருக்காருல்லா, மகளப் பாக்கணும்னாரு. நானே ஒரு பேஜ் எழுதினேன். அந்த போன் கேமரால தொட்டில் தெரியும். பிள்ள அழுதா பேஜே பாட்டுப் போடும். எனக்க சொந்தப் பாட்டு. ஒவ்வொரு சுரத்துக்கும் ஒரு நம்பர் எழுதிட்டா பிரவுசரே வாசிக்கும்.

பாஸ்வேர்டா? நல்லா கேட்டிய. போடல. வீட்டுக்குள்ள உள்ளதுதானேன்னு இருந்துட்டேன். ஊருக்காரன் சைட்டுக்கெல்லாம் பூட்டு போட்டுக் குடுக்குறவ நான்.

போன மாசம் கனெக்ஷன் குடுக்க வந்தப்போ உங்க போன வாங்கினேன், ஓர்ம இருக்கா? வெளி நெட்டுல பேஜ் தெறக்குதான்னு பாக்க. எங்க தொழில்ல அப்பிடித்தான், யாரு போன் கெடச்சாலும் தெறந்து பாத்திருவோம். பாத்துட்டு அப்படியே திருப்பித் தந்தேன். அந்த லிங்க அழிக்கல்ல.

இருங்க அண்ணே, எங்க எந்திரிக்கிய? பிஸ்கட் எடுங்க.

போன ஞாயித்துக்கெழம அந்தப் பாட்டக் கொஞ்சம் மாத்தினேன். ஒரு நம்பர் தப்பா அடிச்சிட்டேன். நாலாவது சுரம் அர சுரம் எறங்கிப் போச்சு. திருத்தலாம்னு போனா, பிள்ள அந்த எடம் வந்தா கெக்கெக்கேன்னு சிரிக்கா. அப்படியே விட்டுட்டேன். அந்தத் தப்பு அந்தப் பேஜ்ல மட்டும்தான் இருக்கு அண்ணே, வேற எங்கயும் இல்ல.

பேஜுக்குக் கீழ எத்தன பேரு பாக்காங்கன்னு காட்டும். நான் பால் குடுக்கும்போ ரெண்டுன்னு காட்டும். ஒண்ணு எனக்க லேப்டாப்பு, மற்றது எட்சன்னு நெனச்சேன். கேமராவப் பாத்துச் சிரிச்சிருக்கேன். முந்தாநாள் கரையில எறங்கி போன் பண்ணினவரு சொல்லுகாரு, இந்த வாரம் பூரா கப்பல்ல நெட்டே இல்லன்னு.

நேத்து ராஜபாய் அக்கா வீட்டுல ஏணிமேல நின்னு கேபிள் இழுத்திய. வாயுக்குள்ள ஒரு பாட்டு. நான் இந்தப் பக்கம் துணி காயப்போட்டுட்டு நின்னேன். நாலாவது சுரம் அர சுரம் எறங்கிச்சு.

எங்கயோ ரேடியோவுல கேட்டதா? செரி.

கதவ இழுக்காதீங்க, வெளிய பூட்டியிருக்கு. எட்சனுக்க அண்ணன்மாரு கடியப்பட்டணத்துலேர்ந்து வந்து வாசல்ல நிக்காங்க. நெட்டுக்கு ஒண்ணும் இல்ல அண்ணே, நல்லாத்தான் ஓடுது. உங்கள வரவழைக்கணும்னுதான் கம்ப்ளெயிண்ட் குடுத்தேன். அந்த லிங்க உங்க ஆபீசுக்கும் போலீஸ் ஸ்டேஷனுக்கும் அனுப்பியாச்சு.

உங்க போன எடுத்துப் பாருங்க. லிங்க் இருக்கும்லா. தொட்டில் காலியாத்தான் கெடக்கு, பக்கத்துல நீங்க தெரியிய. கீழ எத்தன பேரு பாக்காங்கன்னு நம்பர் போட்டிருக்கும்.

இன்னைக்கு ரெண்டு இல்ல.