பினாங்கா சிங்கப்பூரா

சைரன். ஏறுகிறது, இறங்குகிறது, மறுபடி ஏறுகிறது. ஓடுகிறேன். ஒரு செருப்பு கழன்று போகிறது. திரும்பி எடுக்கவில்லை. வெண்டைக்காய் நறுக்கிய கத்தி கையிலேயே இருக்கிறது. அடுப்பை அணைத்தேனா? தெரியவில்லை.

"பாகோ! பாகோ!"

விசிலை வாயிலிருந்து எடுத்துவிட்டுக் கத்துகிறார் பிஸ்வாஸ் பாபு. பக்கத்து வீட்டுக்காரர். எங்கள் வீட்டு வரிசைக்கு அவர்தான் விமானத் தாக்குதல் வார்டன். கையில் துணிப்பட்டை கட்டியிருக்கிறார்.

"ஸிர் நீச்சே! ஸப் ஸிர் நீச்சே!"

குழிக்குள் குதிக்கிறோம். தலையைக் குனிகிறோம்.

1971 டிசம்பர். போர் தொடங்கிய பின் வந்த முதல் திங்கட்கிழமை. காலை பதினொன்று பத்து. ஊர் கராச்சர்மா. போர்ட் பிளேருக்கு வெளியே, பஸ் பிடித்துப் போகிற தூரம். வீட்டுக்குப் பின்னால் நாங்களே வெட்டிய பதுங்குகுழி. முந்தின நாள் மழையில் கணுக்கால் அளவுக்குத் தண்ணீர் நிற்கிறது. மேட்டில் ஜப்பான்காரன் விட்டுப்போன பங்கர் ஒன்று இருக்கிறது. கல்லைப் போல உறுதி. பாதி வரிசை அதற்குள்தான் ஓடியது. நான் போகமாட்டேன். கூரைக்கு அடியில் நின்று வானத்தின் சத்தத்தைக் கேட்பது என்னால் ஆகாது.

குழியில் மூன்று பேர். நான் ரோஸம்மாள். வயது நாற்பத்தொன்று. என் வீட்டுக்காரர் சூசை. துறைமுக ஒர்க்‌ஷாப்பில் ஃபிட்டர். இரவு ஷிஃப்ட் முடிந்து வந்து தூங்கியவரை இழுத்துக்கொண்டு ஓடிவந்தேன். மூன்றாவது என் தம்பி அந்தோணி. படகுத் தச்சன். எங்களுக்குப் பிள்ளை இல்லை. இரண்டு வயதிலிருந்து நான் இடுப்பில் சுமந்து வளர்த்தவன் அவன். எங்களோடுதான் இருக்கிறான். வயது முப்பத்திரண்டு.

தண்ணீரில் குந்தி உட்கார்ந்திருக்கிறோம். சைரன் நிற்கவில்லை. அந்தோணி சட்டைப் பைக்குள் கையை விடுகிறான். மடித்த ஒரு காகிதத்தை எடுக்கிறான். எனக்கு எரிச்சல் ஏறுகிறது. அது என்ன காகிதம் என்று எனக்குத் தெரியும்.

அக்டோபர் கடைசியில் வந்த கடிதத்துக்குப் பதில் அது. எங்கள் தூத்துக்குடிக் கடற்கரைக்காரர் ஒருவர் வெளிநாட்டில் படகுப் பட்டறை வைத்திருந்தார். ஒன்று பினாங்கில். ஒன்று சிங்கப்பூரில். ஃபிட்டர் ஒருவரும் தச்சன் ஒருவரும் வேண்டும், குடும்பத்தோடு வரலாம் என்று எழுதியிருந்தார். ஒரே நிபந்தனை. எந்த ஊர் என்று நாங்கள் முதலில் சொல்ல வேண்டும். ஒரு காலத்தில் ஓர் ஊருக்குப் போய்ப் பார்த்துவிட்டு மற்றதற்கு மாறிக்கொள்ளலாம். இப்போது அவை இரண்டு நாடுகள். வேலைப் பத்திரம் ஒரு நாட்டுக்குத்தான் போட முடியும். போட்டால் போட்டதுதான். வருடம் முடிவதற்குள் பதில் வேண்டும்.

இரண்டு ஊர். ஒன்றைச் சொல்ல வேண்டும். அவ்வளவுதான்.

அந்தோணி அன்றைக்கே சொன்னான். "அக்கா, நீ சொல்லு. நீ சொல்ற ஊருக்குப் போவோம்."

சூசை சொன்னார். "உன் இஷ்டம் ரோஸு."

இந்த மனிதர் கல்யாணமான நாளிலிருந்து சொல்வது இந்த இரண்டு வார்த்தைதான். என்ன குழம்பு வைக்கட்டும்? உன் இஷ்டம். எந்த நாட்டில் சாகலாம்? உன் இஷ்டம். பாசத்தில் சொல்கிறார் என்று ஊரே மெச்சுகிறது. பாரத்தை என் தலையில் இறக்கிவிட்டு அவர் நிம்மதியாகத் தூங்குகிறார்.

கராச்சர்மா முழுக்க ஆலோசனை சொன்னது. பினாங்கில் மழை அதிகம், துணி காயாது என்றார் ரேஷன் கடைக்காரர். இங்கே மட்டும் காய்கிறதா? சிங்கப்பூரில் வீட்டு வாடகை கொன்றுவிடும் என்றார் பள்ளிக்கூடத்து வாத்தியார். பினாங்கில் நம் ஜனம் நிறைய, கோயில் பக்கத்திலேயே என்றாள் மீன்காரி. சிங்கப்பூரில் தண்ணீர் குழாயில் வரும் என்றாள் அவளுடைய நாத்தனார். இவர்களில் ஒருவர்கூட வட அந்தமானின் மாயாபந்தருக்கு அப்பால் கப்பல் ஏறியதில்லை. எல்லோரும் இரண்டு ஊரிலும் குடியிருந்து திரும்பியவர்கள் மாதிரிப் பேசினார்கள்.

நான் நாளைக் கடத்தினேன். அரிசி என்ன விலை, விசாரி என்றேன். விசாரித்தான். தமிழ்ப் பள்ளிக்கூடம் உண்டா, கேள் என்றேன். நமக்குப் பிள்ளையே இல்லையே என்று சூசை முணுமுணுத்தார். அந்தோணிக்குக் கல்யாணம் ஆகாதா என்று பாய்ந்தேன். அவன் வாத்தியாரிடம் அட்லஸ் வாங்கிவந்து விரித்தான். இரண்டு புள்ளிகள். இரண்டும் கடலோரம். நான் கையை முந்தானைக்குள் வைத்துக்கொண்டேன். புள்ளிமேல் விரல் வைக்கவே மாட்டேன்.

நவம்பரில் மெட்ராஸுக்கு ஒரு கப்பல் போனது. எங்கள் பதில் போகவில்லை. அடுத்த கப்பல் போனது. போகவில்லை. டிசம்பர் மூன்று, வெள்ளிக்கிழமை, போர். அடுத்த கப்பல் எப்போது என்று கேட்டால் கப்பல் துறையில் சிரித்தார்கள். சொந்தத் தந்தியெல்லாம் அப்புறம் பார்க்கலாம் என்றார்கள். ஜன்னல் கண்ணாடிகளுக்குக் கறுப்புக் காகிதம் ஒட்டினோம். அந்தோணி அந்தக் கடிதத்தைச் சட்டைப் பையிலேயே வைத்துக்கொண்டு திரிந்தான். எல்லாம் எழுதியிருந்தது. ஊர்ப் பெயருக்கு மட்டும் இடம் விட்டிருந்தது.

குழிக்குள் இப்போது அதை என் முகத்துக்கு நேரே நீட்டுகிறான்.

"அக்கா. மெயின்லேண்டுக்கு இன்னைக்கு ஒரு தபால் மூட்டை போவுதாம். ஆபீஸ்ல சொன்னாங்க. இப்பச் சொல்லு. பினாங்கா, சிங்கப்பூரா?"

"ஏலே, குண்டு விழுற நேரத்துல கேக்குற கேள்வியா இது?"

"குண்டு விழுந்தா ரெண்டு ஊரும் இல்ல. விழலன்னா ஒரு ஊரு வேணும்லா?"

"நீயே எழுதிக்க."

"நான் எழுத மாட்டேன். எனக்குப் பயமா இருக்கு, நானும் அப்பா மாதிரித் தப்பா முடிவெடுத்துருவேனோன்னு. நீ அப்படி இல்லக்கா. அதான் உன்கிட்ட கேக்கேன்."

அப்பா மாதிரி. அந்தச் சொல் விழுந்த இடம் எனக்கு மட்டும்தான் தெரியும்.

ரங்கூன். 1941 டிசம்பர். அப்பா துறைமுகத்தில் கிரேன் ஓட்டினார். நாங்கள் துறைமுகத்தை ஒட்டிய தொழிலாளர் குடியிருப்பான வார்ஃப் லைனில் இருந்தோம். ஜப்பான் விமானம் வரும், முதலில் துறைமுகத்தைத்தான் அடிக்கும் என்று பேச்சு. லைனில் குழி வெட்டியிருந்தார்கள். டவுனுக்குள் அத்தை வீடு. செங்கல் வீடு. ஆனால் தெருவில் குழி கிடையாது. அங்கே போவதா, இங்கேயே இருப்பதா? அப்பா மூன்று நாள் யோசித்தார். அம்மாவிடம் கேட்டார். அம்மா அழுதாள். மூன்றாம் நாள் சாப்பிடும்போது என் பக்கம் திரும்பினார். சலித்துப்போய், பாதி விளையாட்டாக.

"நீ சொல்லு ரோஸு. எங்க இருப்போம்?"

"அத்த வீட்ல," என்றேன்.

எனக்குப் பதினொரு வயது. அத்தை தெருவில் ஒரு சர்பத் கடை இருந்தது. ஐஸ் சீவிப் போட்டுத் தருவார்கள். அதற்காகச் சொன்னேன். வேறு ஒரு காரணமும் இல்லை.

"சரி, புள்ள வாக்கு," என்றார் அப்பா. மறுநாளே போனோம்.

டிசம்பர் 23. செவ்வாய்க்கிழமை. பத்து மணிக்கு மேல். சைரன் ஊதியது. யாரும் ஓடவில்லை. எல்லோரும் தெருவுக்கு வந்து அண்ணாந்து பார்த்தார்கள். வெயிலில் விமானங்கள் வெள்ளையாக மின்னின. கை நீட்டி எண்ணினார்கள். அம்மா வாசலுக்கு வெளியே நின்றாள். தங்கை தெரசா அவள் கையைப் பிடித்திருந்தாள். நான் அந்தோணியை இடுப்பில் வைத்துக்கொண்டு சர்பத் கடைக்குள் நின்றேன். முதல் சத்தம் தூரத்தில். கதவுப் பலகையைக் கீழே போட்ட மாதிரி. அடுத்தது பக்கத்தில். தகரத்தில் ஜல்லி கொட்டுகிற சத்தம் தெருவோடு வந்தது.

"ரோஸு! புள்ளய உள்ள கொண்டு போ!"

அம்மா கத்தியது அது. பிறகு அம்மா இல்லை.

கடையின் பின்சுவர் நின்றது. அதனால் நாங்கள் இரண்டு பேர் இருக்கிறோம். அப்பா அன்று வேலையில் இருந்தார். சாயங்காலம் தேடி வந்தார். வார்ஃப் லைனில் எங்கள் வீடு அன்று அப்படியே இருந்தது. நாங்கள் போட்டுவிட்டு வந்த பூட்டுக்கூட அசையவில்லை.

கப்பலில் இடம் பிடித்து தூத்துக்குடி வந்து சேர்ந்தோம். சொந்தக்காரர்கள் கேட்டார்கள். இருந்த இடத்தை விட்டு எவன் டவுனுக்குக் கூட்டிப்போகச் சொன்னான்? அப்பா என்னைப் பார்க்கவே இல்லை. "நாந்தான் முடிவு பண்ணேன்," என்றார். யார் கேட்டாலும் அதே பதில். நான் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். வாயைத் திறக்கவில்லை. அந்தோணி அதைக் கேட்டே வளர்ந்தான். விவரம் தெரிந்த நாளிலிருந்து அப்பாவோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. எனக்குக் கல்யாணமாகி நாங்கள் அந்தமானுக்குக் கப்பல் ஏறியபோது என்னோடு வந்துவிட்டான். 1958இல் அப்பா இறந்தார். தந்தி வந்தது. அந்தோணி போகவில்லை.

அதைத்தான் குழிக்குள் நினைத்துக்கொண்டிருக்கிறேன். சைரன் ஊதுகிறது. கடிதம் முகத்துக்கு நேரே ஆடுகிறது. உண்மையைச் சொன்னால் தம்பி போய்விடுவான். சொல்லாவிட்டால் ஊரைச் சொல்ல வேண்டும். என் வாயால் இன்னொரு ஊர்.

"உன் இஷ்டம் ரோஸு," என்கிறார் சூசை. சமாதானமாக. "எதச் சொன்னாலும் சரிதான்."

வெடித்துவிட்டேன். "எந்தக் கடல்லயாவது போய் விழுங்க! ரெண்டு பேரும் போங்க! என்னய உசுரோட விடுங்க! உங்ககூட எந்த ஊருக்கும் நான் வரல!"

"சுப்!" மேலேயிருந்து பிஸ்வாஸ் பாபு கத்தினார். "சுப் ரஹோ!" விமானத்துக்குக் கேட்டுவிடும் என்று நினைத்தாரோ என்னவோ.

அந்தோணி காகிதத்தை மடித்தான். பழைய மடிப்பிலேயே மடித்தான். "சரிக்கா," என்றான்.

பதினொன்று நாற்பத்தைந்து. ஒரே நீளமாகச் சைரன். ஆபத்து நீங்கியது. எந்த விமானமும் வரவில்லை. ஒத்திகையா, நிஜமா, அதைக்கூட யாரும் எங்களுக்குச் சொல்லவில்லை. மேலே ஏறினேன். அடுப்பு எரிந்துகொண்டுதான் இருந்தது. சோறு அடிப்பிடித்துக் கருகிவிட்டது.

அவன் மத்தியானமே தபால் ஆபீசுக்குப் போனான். சிங்கப்பூர் என்று எழுதினான். தச்சன் ஒருவன் மட்டும் வருகிறேன் என்று திருத்தியிருந்தான். எனக்கு இது பிறகுதான் தெரிந்தது. போர் பதினாறாம் தேதி முடிந்தது. மார்ச்சில் பத்திரம் வந்தது. ஒருவருக்கு மட்டும். ஃபிட்டர் வேலைக்கு வேறு ஆள் வைத்துவிட்டார்கள்.

போர்ட் பிளேரின் ஹாடோ கப்பல் துறை. 1972 மே. அவன் தலையில் டிரங்குப் பெட்டி. சூசை கண்ணைத் துடைத்துக்கொண்டு நிற்கிறார். நான் முறுக்கு டப்பாவை நீட்டுகிறேன்.

"எங்கூட வர உனக்கு இஷ்டமில்லன்னு அன்னைக்கே சொல்லிருக்கலாம்லக்கா," என்கிறான். "ஒண்ணர மாசம் என்னய அலையவிட்டுட்ட."

அப்படித்தான் புரிந்துகொண்டிருக்கிறான். வாயைத் திறந்தேன். கப்பல் ஊதியது. நீளமாக மூன்று முறை. கூட்டம் அவனைத் தள்ளிக்கொண்டு போனது. கப்பல் ஊதியதால் சொல்லவில்லை என்று பல நாள் என்னை நானே ஏமாற்றிக்கொண்டேன். ஊதி முடித்த பிறகும் ஒரு மணி நேரம் கப்பல் அங்கேயேதான் நின்றது.

கடிதங்கள் வந்தன. சூசை பெயருக்கு. கடைசி வரியில் 'அக்காவுக்கும் சொல்லவும்'. அங்கேயே கல்யாணம் செய்துகொண்டான். 1974இல் ஆண் பிள்ளை பிறந்தது. பிள்ளைக்குத் தாத்தா பெயர் வைக்கச் சொல்லி சூசை எழுதினார். பதில் வந்தது. 'அந்த ஆள் பெயர் என் வீட்டுக்குள் வரக்கூடாது. அம்மாவைக் கொன்றவர் அவர்.'

என்னால் அதற்கு மேல் தாங்க முடியவில்லை. அன்றைக்கே உட்கார்ந்து எழுதினேன். நான்கு பக்கம். சர்பத் கடை வரை எல்லாம் எழுதினேன். அப்பா அல்ல, நான் என்று எழுதினேன். ஹாடோவில் சொல்ல வந்ததும் இதுதான் என்று எழுதினேன். சூசைகூட அன்றுதான் முதல்முறையாகப் படித்தார். படித்துவிட்டு, "அனுப்பாதே" என்றார். கல்யாணமாகி இருபத்து நான்கு வருடத்தில் அன்று ஒரு நாள்தான் உன் இஷ்டம் என்று சொல்லவில்லை. நான் கேட்கவில்லை. அனுப்பினேன்.

பதில் வரவில்லை. அடுத்த வருடமும் வரவில்லை. இப்போது 1978.

போரைப் பார்த்தவர்கள் எழுதித் தாருங்கள் என்று மாதா கோயிலில் கேட்டார்கள். ரங்கூனைப் பற்றி எழுதுங்கள் என்றார்கள். போர்ட் பிளேரைப் பற்றி நான் ஆரம்பித்ததும், இங்கேதான் ஒன்றுமே விழவில்லையே என்று சிரித்தார்கள். எனக்கு ஆத்திரமாக வந்தது. விழுந்தால்தான் போரா? ஆகவே எல்லாவற்றையும் சேர்த்தே எழுதுகிறேன். விட்டுவிடாமல் படியுங்கள்.

ரங்கூன், 1941. அம்மா மரியம்மாள், வயது முப்பத்து மூன்று. தங்கை தெரசா, வயது ஆறு. இருவரையும் ஒரே குழியில் வைத்தார்கள் என்று அப்பா சொன்னார். இடம் தெரியாது.

தூத்துக்குடி, 1958. அப்பா. கட்டிலில் இறந்தார். பழியோடு இறந்தார். இவரையும் போரில்தான் சேர்க்கிறேன்.

போர்ட் பிளேர், கராச்சர்மா, 1971. எங்கள் வரிசையில் விழுந்த குண்டு இல்லை. காயம் இல்லை. ஒரு பானைச் சோறு. ஒரு செருப்பு.

தம்பி அந்தோணி, அப்போது வயது முப்பத்திரண்டு. உயிரோடு இருக்கிறான். முகவரி என்னிடம் இருக்கிறது.